தோற்றுவிடச் சொன்னார்கள்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் இயல்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தோற்றவர் மனம் தளரக்கூடாது, வென்றவர் தலைகனம் கொள்ளக்கூடாது என்றும் சொல்லித் தருகிறோம். ஆனால், நன்றாக ஆடக்கூடிய ஒரு பெண்ணைத் தனியே அழைத்து, அடுத்த ஆட்டத்தில் நீ தோற்றுவிடு, அதுதான் நாட்டுக்கு நல்லது என்று பெரியவர்களே சொன்னால் அவள் என்ன செய்ய வேண்டும்? இதற்கு நாம் பிள்ளைகளிடம் எந்த விடையும் சொல்லி வைத்ததில்லை. அப்படி ஒரு நிலை வரும் என்றே நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நிலை ஒரு பெண்ணுக்கு வந்தது. அதுவும் நம் நாட்டுத் தலைநகரிலேயே வந்தது. 1987-ஆம் ஆண்டு புதுடெல்லியில், இந்திரா காந்தி உள்ளரங்கத்தில், 39-ஆவது உலக மேசைப்பந்துப் போட்டிகள் நடைபெற்றன. அதன் பெண்கள் ஒற்றையர் பிரிவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றித்தான் இத்திங்கள் எழுதப் போகிறோம். விளையாட்டில் நாட்டமில்லாத சகோதரிகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். இது மட்டையையும் பந்தையும் பற்றிய செய்தி மட்டும் அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

டேபிள் டென்னிஸ் என்று நாம் வழங்கும் மேசைப்பந்தாட்டத்தில் உலகப் போட்டிகள் 1926-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கின. அன்றிலிருந்தே பெண்கள் ஒற்றையர் பிரிவும் உண்டு. முதல் ஐந்து முறையும் அங்கேரி நாட்டின் மரியா மெட்னியான்ஸ்கி என்ற அம்மையாரே வாகை சூடினார். 1931-ஆம் ஆண்டு முதல் இப்பிரிவில் வெல்பவருக்கு 'கெய்ஸ்ட்' கோப்பை என்னும் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. நம் நாட்டுக்கும் இக்கோப்பைக்கும் மூன்று முறை தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. 1952-இல் பம்பாயில் ருமேனியாவின் ஆஞ்செலிகா ரோசியானு அதை வென்றார். 1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு முறை வென்ற ஒரே பெண்மணி அவர். அவர் யூதர் என்பதால், உலகப் போர்க் காலத்தில் தம் சொந்த ஊரிலேயே விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டவர். 1975-இல் கல்கத்தாவில் வடகொரியாவின் பாக் யங்-சுன் வென்றார். மூன்றாவது முறை 1987, புதுடெல்லி.

அந்த ஆண்டு வென்றவர் பெயர் ஹே ஜிலி. சீனத்தின் ஷாங்காய் நகரில் 1964-இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 22.

இங்கே சீனத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அந்நாட்டில் மேசைப்பந்து வெறும் பொழுதுபோக்கு விளையாட்டு அல்ல. 1959-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ரோங் குவோதுவான் ஆண்கள் ஒற்றையரில் வென்றபோது, எந்த விளையாட்டிலும் உலக வாகையரான முதல் சீனர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் பீகிங் நகரிலேயே உலகப் போட்டி நடந்தது. சியூ ஜோங்ஹுய் என்ற பெண் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1971-இல் ஜப்பானின் நகோயா நகரில் சீன வீரர் ஒருவரும் அமெரிக்க வீரர் ஒருவரும் பேருந்தில் சந்தித்துக் கொண்டதன் பின்னர் அமெரிக்கக் குழு சீனத்துக்கு அழைக்கப்பட்டதும், அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங் சென்றதும் உலகம் அறிந்த செய்தி. ஒரு சிறு பந்தைக் கொண்டு இரு வல்லரசுகளின் கதவு திறந்தது. இத்தகைய நாட்டில் யார் வெல்வது, யார் தோற்பது என்பதை ஆட்டக்காரர்களின் கைக்கே விட்டுவிட மேலிடத்துக்கு மனம் வருமா?

வரவில்லை. 1961, 1963, 1965 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டம் இரு சீனர்களுக்கு இடையிலேயே நடந்தது. மூன்று முறையும் வென்றவர் ஜுவாங் ஸெடோங். மூன்று முறையும் தோற்றவர் லி ஃபுரோங். அக்காலத்து ஆட்டங்களில் மேலிடத்து ஏற்பாடு இருந்தது என்பது பிற்காலத்தில் அந்நாட்டிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. சீன மொழியில் இதற்கு ஒரு சொல்லே வழங்குகிறது. 'பந்தை விட்டுக்கொடுத்தல்' என்பது அதன் பொருள்.

அந்நாட்டுப் பயிற்சி முறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் அச்சம் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், அவரைப் போலவே மட்டை பிடித்து, அவரைப் போலவே பந்து போட்டு ஆடுவதற்கென்று ஒருவரைத் தயார் செய்வார்கள். முன்னணியில் உள்ளவர்கள் அந்த நகலோடு நாள் முழுதும் ஆடிப் பழகுவார்கள். நகலாக ஆடுபவருக்குத் தமக்கென்று ஓர் ஆட்டம் இராது. பரிசளிப்பு மேடையில் அவர் பெயர் ஒலிக்காது. இப்படி எத்தனையோ இளைஞர்களும் இளம் பெண்களும் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இன்னொருவரின் வெற்றிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீனத்தின் வெற்றிகளுக்கு அவர்கள் உழைப்பும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஹே ஜிலிக்கு இடப்பட்ட கட்டளை இப்படிப்பட்ட மண்ணில்தான் முளைத்தது. அதை இட்டவர்களுக்கு அது கொடுமையாகத் தோன்றியிராது. அன்றாட நடைமுறையாகவே தோன்றியிருக்கும்.

புதுடெல்லிக்கு வருவோம். அப்போது பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். (இன்று பந்து 40 மில்லிமீட்டர், ஆட்டத்துக்கு 11 புள்ளிகள். 2000, 2001 ஆண்டுகளில் இம்மாற்றங்கள் வந்தன.) ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி ஆட்டப் பட்டியலைப் பிரித்துப் போடுவார்கள். ஆயினும் ஒரு நாட்டிலிருந்து பலர் வலிமையாக இருந்தால் கடைசிச் சுற்றுகளில் அவர்களுக்குள்ளேயே மோத வேண்டி வரும். அந்த ஆண்டு அரையிறுதிக்கு வந்த நால்வரில் மூவர் சீனப் பெண்கள்: ஹே ஜிலி, குவான் ஜியான்ஹுவா, டாய் லிலி. நான்காமவர் தென்கொரியாவின் யாங் யங்-ஜா. ஒரு பக்கம் யாங்கும் டாய் லிலியும். மறுபக்கம் ஹே ஜிலியும் குவானும்.

யாங்கைக் கண்டு சீனர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1983-இல் தோக்கியோவில் அவர் இறுதியாட்டம் வரை வந்து சீனத்தின் சாவ் யான்ஹுவாவிடம் தோற்றவர். புதுடெல்லியிலும் டாய் லிலியை வென்று இறுதியாட்டத்துக்கு வந்தார். அவரை யார் எதிர்ப்பது என்பதே சீனக் குழுவினரின் கவலை. குவான் பந்தை வெட்டித் திருப்பித் தற்காத்து ஆடுவதில் தேர்ந்தவர். இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: பந்தின் அடிப்பகுதியைச் சீவினாற்போல் வெட்டி அனுப்பினால், அது மேசையில் பட்டதும் முன்னே பாயாமல் தயங்கி நிற்கும், அதைத் தாக்கி அடிக்க முனைபவரின் பந்து வலையில் போய் விழும். தாக்கி ஆடுபவர்களில் பலர் இத்தகைய பந்துகளுக்குத் திணறுவதுண்டு. ஆகவே யாங்குக்கு எதிராகக் குவானே பொருத்தமானவர் என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின்படி, அரையிறுதியில் ஹே ஜிலி குவானிடம் தோற்க வேண்டும்.

மற்ற விளையாட்டுகளைக் காட்டிலும் இதில் வேண்டுமென்றே தோற்பது எளிது. பந்தின் எடை மூன்று கிராம்கூட இல்லை. மேசையின் நீளம் 2.74 மீட்டர். ஒரு விரற்கடை நீளமாக அடித்தால் பந்து மேசையைத் தாண்டிவிடும். ஒரு நூல் தாழ்ந்தால் வலையில் படும். எவரும் குற்றம் சொல்ல முடியாது. கைநழுவியது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கைதட்டி ஆறுதலும் சொல்வார்கள்.

ஹே ஜிலி அப்படி அடிக்கவில்லை. குவானை வென்றார். பிறகு இறுதியாட்டத்தில் யாங்கையும் வென்றார். கணக்குப் போட்டவர்களின் கணக்கு பொய்த்துப் போயிற்று. எந்த வெற்றிக்காக அவரைத் தோற்கச் சொன்னார்களோ, அதே வெற்றியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கோப்பை சீனத்துக்கே போயிற்று.

எல்லாம் நன்றாக முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் கட்டளையை மீறியது மீறியதுதான் என்று மேலிடம் முடிவு கட்டியது. மறு ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. மேசைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அதுவே முதல் முறை. உலக வாகையரான ஹே ஜிலியின் பெயர் சீனக் குழுவில் இல்லை. சென் ஜிங், லி ஹுய்ஃபென், ஜியாவ் ஜிமின் ஆகிய மூவரும் அனுப்பப்பட்டனர். பெண்கள் ஒற்றையரில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அம்மூவரே அள்ளி வந்தனர். இந்த வெற்றி மேலிடத்தாருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீ இல்லாமலும் எங்களால் முடியும் என்று ஒரு பெண்ணிடம் ஒரு நாடே சொன்னதைப் போல் ஆயிற்று.

ஹே ஜிலி பின்னர் ஜப்பானியப் பொறியாளர் ஒருவரை மணந்து அந்நாட்டில் குடியேறினார். குடியுரிமையும் பெற்றார். கணவரின் குடும்பப் பெயரான கோயாமா என்பதையும், தம் சீனப் பெயரின் ஜப்பானிய ஒலிப்பான சிரே என்பதையும் சேர்த்து கோயாமா சிரே ஆனார். ஜப்பானிய வாகையராகப் பலமுறை வென்றார்.

1994-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்தன. கோயாமா சிரேக்கு அப்போது 30 வயது நிரம்பியிருந்தது. இந்த ஆட்டத்தில் அது இளமையான வயதல்ல. எதிரே சீனத்தின் டெங் யாபிங். ஐந்தடிக்கும் குறைவான உயரம். அந்த உயரத்தைக் காட்டியே சிறு வயதில் தேசியக் குழுவுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர். பிறகு 1991-இல் உலக வாகையர், 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். அவரை வெல்ல அன்று எவருமில்லை என்று பேசப்பட்ட காலம். (இதையும் சகோதரிகள் கவனிக்க வேண்டும்: மேலே உள்ளவர்களின் கணக்கு டெங் யாபிங் விஷயத்திலும் ஒருமுறை தவறியே இருந்திருக்கிறது.) இறுதியாட்டத்துக்கு வரும் வழியில் சென் ஜிங், சியாவ் ஹோங் ஆகியோரை வீழ்த்திய கோயாமா, இறுதியில் டெங் யாபிங்கையும் வீழ்த்தித் தங்கம் வென்றார்.

ஒவ்வொரு புள்ளியை வென்றபோதும் அவர் ஜப்பானிய மொழியில் உற்சாகக் குரல் எழுப்பினார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த சீனர்களுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஜப்பானியப் படைகள் சீனத்தில் செய்த கொடுமைகளை மறவாத தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அக்குரல் அவர்களுக்கு எந்த நினைவுகளைக் கிளறியிருக்கும் என்பதை நாம் உணர முடிகிறது. துரோகி என்று அவரை ஏசினார்கள். 1987-இல் அவரை உச்சியில் வைத்துக் கொண்டாடிய மக்களில் பலரும் அவ்வாறு ஏசியிருப்பார்கள். அந்தக் குரலை அவர் அடக்கியிருக்கலாம் என்றே நமக்கும் படுகிறது. வென்றபின் ஒருவர் மௌனமாக நின்றால் அந்த வெற்றி குறைந்துவிடாது. ஆனால், ஆறு ஆண்டுகளுக்கு முன் வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கச் சொல்லப்பட்ட ஒருவரின் குரல் அது என்பதையும் மறந்துவிட்டு நியாயம் பேசக்கூடாது.

இனி, நம் கேள்விக்கு வருவோம். அவர் செய்தது சரியா?

சரியல்ல என்று சொல்பவர்களின் வாதத்தை முதலில் கேட்க வேண்டும். அது வலுவற்ற வாதம் அல்ல. அவரைச் சிறு வயதிலேயே கண்டெடுத்து, உணவும் உறைவிடமும் பயிற்சியும் கொடுத்து வளர்த்தது அரசு. அவருக்காக எத்தனையோ பேர் நகலாக நின்று பந்து போட்டார்கள். அந்தக் குழுவில் சேரும்போதே அதன் ஒழுங்குக்கு அவர் கட்டுப்பட்டவர். போர்க்களத்தில் தளபதியின் கட்டளையைச் சிப்பாய் கேள்வி கேட்பதில்லை. குழுவின் நன்மைக்குத் தன் நன்மையை விட்டுக்கொடுப்பதைத்தானே எல்லாச் சமூகங்களும் பண்பு என்று போற்றுகின்றன?

இதைவிடக் கூர்மையான இன்னொரு வாதமும் உண்டு. அதே புதுடெல்லிப் போட்டியில், முந்தைய சுற்று ஒன்றில், சென் ஜிங் என்ற இளம் பெண் மேலிடத்துச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஹே ஜிலிக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. அப்படியானால் பிறர் விட்டுக்கொடுத்ததைப் பெற்றுக்கொண்டவர், தம் முறை வந்தபோது மட்டும் மறுத்தார் என்றாகிறது. மேலும், அவர் கட்டளையை முகத்துக்கு நேரே மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டவர் போலிருந்து மேசையில் மாற்றி ஆடினார் என்றும் சொல்வார்கள். அது உண்மையானால், தனக்கு ஆட்டம் விட்டுக்கொடுக்கப்படும் என்று நம்பி நின்ற குவானின் நிலை பரிதாபத்துக்குரியது. அவரும் ஒரு பெண்தான். அவரும் பல்லாண்டு உழைத்துத்தான் அங்கே வந்து நின்றார். ஹே ஜிலியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை விரைந்து தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் அவ்வாறு தாண்ட விரும்பவில்லை. அவரிடம் குறையே இல்லை என்று காட்டினால்தான் அவர் பக்கம் நியாயம் இருக்கும் என்பதும் இல்லை.

நம் வீடுகளில் விட்டுக்கொடுத்தல் என்பது எவ்வளவு மதிப்புள்ள சொல் என்பதை நாம் அறிவோம். உம்மா தன் பங்குச் சோற்றைப் பிள்ளைக்கு வைக்கிறாள். தம்பி படிக்கட்டும் என்று அக்காள் தன் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள். வாப்பாவின் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பெயர் எடுப்பது பெருமை. இவற்றையெல்லாம் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும், இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன்னுடையதைத் தானே விரும்பிப் பிறருக்குக் கொடுப்பது விட்டுக்கொடுத்தல். பிறர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அவள் விட்டுக்கொடுத்தாள் என்று பெயர் சூட்டுவது வேறு. அக்காள் படிப்பை நிறுத்தியபோது அவளை யாராவது கேட்டார்களா என்பதைப் பொறுத்தே அதை எந்தப் பெயரால் அழைப்பது என்று முடிவு செய்ய முடியும். பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை என்பதை இதைப் படிக்கும் சகோதரிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அடுத்ததாக, ஹே ஜிலியிடம் கேட்கப்பட்டது அவருக்கு மட்டுமே உரிய பொருள் அல்ல. காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கி அரங்கில் வந்து உட்கார்ந்த டெல்லி மக்கள், இருவரில் சிறந்தவர் யார் என்று பார்க்க வந்தவர்கள். அவர்களுடைய நம்பிக்கை ஆடுபவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். மறுபக்கத்தில் நேர்மையாக ஆடி இறுதிக்கு வந்த யாங் யங்-ஜாவுக்கும், எதிரே நிற்பவர் மேசையில் வென்று வந்தவராக இருக்க வேண்டும் என்ற உரிமை உண்டு. பயிற்சியாளர் ஒரு குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று தீர்மானிக்கலாம். அது எல்லோர் கண்முன்னும் நடப்பது. ஆட்டம் நடப்பது போல் காட்டிவிட்டு முடிவை முன்கூட்டியே எழுதிவைப்பது அதனோடு சேராது. ஆகவே சிப்பாய் உவமை இங்கே பொருந்தாது என்பது நம் கருத்து. கட்டளைக்குக் கீழ்ப்படிவது ஒழுங்கு. பொய்யான முடிவைத் தன் கையால் உண்டாக்குவதும் அதில் அடங்கும் என்று எவரும் சொல்ல முடியாது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலவில்லை. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில், பூப்பந்தாட்டமாகிய பேட்மிண்டனில், பெண்கள் இரட்டையரில் நான்கு இணைகள் வேண்டுமென்றே தோற்க முயன்றன. தென்கொரியாவின் இரண்டு, சீனத்தின் ஒன்று, இந்தோனேசியாவின் ஒன்று. முதல் சுற்றில் தோற்றால் அடுத்த சுற்றில் எளிய எதிராளி கிடைப்பார், அல்லது சொந்த நாட்டு இணையோடு முன்கூட்டியே மோத நேராது என்பது கணக்கு. வெம்பிளி அரங்கில் இரு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு பந்தை வலையில் அடித்ததைப் பார்த்து மக்கள் கூச்சலிட்டார்கள். எட்டுப் பெண்களும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களைத் தண்டித்தது சரியே. ஆனால், கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களின் முகத்தை அன்று அரங்கில் எவரும் பார்க்கவில்லை. பெண்களின் முகத்தையே உலகம் பார்த்தது. அவர்களுள் ஒருவரான இந்தோனேசியாவின் கிரேசியா போலீ மனம் சோர்ந்து விலகிவிடாமல் ஆடிக்கொண்டே இருந்து, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும்.

கட்டளையை மீறாமல் கீழ்ப்படிந்தவர்களின் நிலையையும் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சீனத்தின் பேட்மிண்டன் ஆட்டக்காரர் யே ஜாவ்யிங் அரையிறுதியில் தம் நாட்டவரான கோங் ஜிச்சாவிடம் தோற்றார். இறுதியில் டென்மார்க்கின் கமிலா மார்ட்டினை வென்று கோங் தங்கம் பெற்றார். அந்த அரையிறுதியில் தோற்றுவிடும்படி தமக்குக் கட்டளை இடப்பட்டது என்று யே ஜாவ்யிங் டென்மார்க் தொலைக்காட்சிக்குச் சொன்னது 2022-ஆம் ஆண்டில். கீழ்ப்படிந்ததற்குப் பிறகு 22 ஆண்டுகள் அதை மனத்தில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஹே ஜிலிக்கு ஒரு ஒலிம்பிக் போயிற்று, நாடு போயிற்று, பெயரும் போயிற்று. ஆனாலும் 1987 உலகப் போட்டியின் பட்டியலில் அவர் பெயர் எந்த விளக்கமும் தேவைப்படாமல் இருக்கிறது.

யாங் யங்-ஜாவைப் பற்றி இந்த விவகாரத்தில் எவரும் பேசுவதில்லை. சீனத்து உள்வீட்டுச் சண்டையில் அவர் வெறும் காரணமாக மட்டுமே நின்றுவிட்டார். இரு முறை உலக ஒற்றையர் இறுதியாட்டத்துக்கு வந்து இரு முறையும் தோற்ற அவர், அதே புதுடெல்லிப் போட்டியில் ஹ்யூன் ஜங்-ஹ்வாவோடு சேர்ந்து பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு சியோலில், சொந்த மக்கள் முன்னிலையில், அவ்விருவரும் இரட்டையரில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றனர். இறுதியாட்டத்தில் அவர்கள் தோற்கடித்தது சீனத்தின் சென் ஜிங், ஜியாவ் ஜிமின் இணையை.

அந்தச் சென் ஜிங்கின் பாதையும் விந்தையானது. சியோலில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், சில ஆண்டுகளில் சீனக் குழுவை விட்டு விலகித் தைவானுக்குச் சென்றார். அதன் சார்பில் 1996-இல் அட்லாண்டாவில் வெள்ளியும், 2000-இல் சிட்னியில் வெண்கலமும் பெற்றார். ஜியாவ் ஜிமின் தென்கொரிய மேசைப்பந்து வீரர் ஒருவரை மணந்து அந்நாட்டுக்குப் போனார். 1985 உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆடிய கெங் லிஜுவான் கனடாவில் குடியேறினார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடாது.

1994-இல் ஹிரோஷிமாவில், இறுதியாட்டத்துக்குப் போகும் வழியில், கோயாமா சிரேயும் சென் ஜிங்கும் ஒரே மேசையின் இரு முனைகளில் நின்றார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் புதுடெல்லியில் ஒருவர் மற்றவருக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே இருவர். ஒருவர் ஜப்பான் சட்டையில், மற்றவர் தைவான் சட்டையில். இம்முறை யார் வெல்ல வேண்டும் என்று அவர்களிடம் சொல்வதற்கு எவரும் இல்லை. இருவரும் வெல்வதற்காகவே ஆடினார்கள். கோயாமா வென்றார்.